ஏழாவது துணுக்கு

டாக்டர் காவ் சியூ பைக் சிரித்தால் லேப்பில் அலமாரிக் கதவு அதிரும். மைக்ராஸ்கோப்பும் அதிரும் என்பான் எங்களோடு வேலை செய்யும் ஃபைசுல். அது கொஞ்சம் கூடுதல். அலமாரிக் கதவு அதிர்வதை மட்டும் நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் அரசாங்க மருத்துவமனையின் பின்பக்கம், சலவைக் கட்டடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் லேப். தெரியாமல் உள்ளே வந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் பிணவறையைத் தேடி வந்தவர்களாக இருப்பார்கள். அழுத கண்ணோடு நிற்கிறவர்களுக்கு வழி சொல்ல எனக்கு வாய் வராது. கையை மட்டும் காட்டுவேன். டாக்டர் பாதி வேலையில் எழுந்து வந்து, தானே அவர்களோடு நடந்துபோய் விட்டுவிட்டு வருவார்.

ஊரில் பாதிப் பேருடைய உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொன்னவர் அவர். கட்டியா கேன்சரா என்று முடிவாகச் சொல்வது அவருடைய கையெழுத்துதான். ஆனால் நோயாளிகள் அவரைப் பார்ப்பதே இல்லை. ரிப்போர்ட் வார்டு டாக்டருக்குப் போகும், அவர்தான் நோயாளியிடம் சொல்வார். ஞாயிறு சந்தையில் டாக்டர் காவ் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் அடையாளம் தெரியாது.

"அதுவும் நல்லதுதான்லா, மணி," என்பார் என்னிடம். "மீன்காரன் தன் குடலைப் பத்திக் கேக்காம மீனை மட்டும் விப்பான் பாரு."

பினாங்கில் பிறந்தவர். குள்ளம், உருண்டை, ஆண்பிள்ளைபோல் வெட்டிய முடி. கதவுக்குப் பின்னால் பூப்பந்து மட்டை ஒன்று எப்போதும் தொங்கும். சிலைடு பார்க்கும்போது பழைய ஹொக்கியன் சீனப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பார். சிலைடு சுத்தமாக இருந்தால் பாட்டு வேகமெடுக்கும். கெட்டதாக இருந்தால் பாட்டு நின்றுவிடும். அடுத்த அறையில் தொட்டி கழுவிக்கொண்டே, யாரோ ஒருவருக்கு இன்று என்ன ஆனது என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம், எல்லாவற்றையும் தின்பண்டமாகப் பார்ப்பது. ஈரலைப் பார்த்தால் ஜாதிக்காய் என்பார். கொழுப்பைப் பார்த்தால் வலைதோசை என்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரம் மதியம் சாப்பிடமாட்டார்கள். பிறகு அவர்களும் அப்படியே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தனியார் மருத்துவமனையிலிருந்து இரண்டு தடவை அவரைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "அங்க மக்சிக் இல்லையே."

மக்சிக் என்றால் மலாயில் அத்தை, பெரியம்மா மாதிரி ஒரு அழைப்பு. எங்கள் கேண்டீனில் காரிபாப் சுடும் பெண்மணிக்கு அதுதான் பெயர் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அறுபது வயது இருக்கும். தலைத்துணி ஒருபோதும் சரியாது. கை மட்டும் ஓயாது. உருளைக்கிழங்கு மசாலாவை மாவுக்குள் வைத்து விரலால் ஓரத்தைப் பின்னுவார். சடை பின்னியதுபோல் இருக்கும். காலை பத்து மணிக்கு டாக்டர் போய் உட்காருவார். இரண்டு காரிபாப், நுரைக்க ஆற்றிய ஒரு தே தாரே டீ. பதினெட்டு வருடமாக இந்தக் கணக்கு மாறவில்லை.

மாறினால் மக்சிக்குக்குத் தெரிந்துவிடும். பாட்டு நின்றுபோன நாட்களில் டாக்டர் ஒன்றரை காரிபாப்போடு எழுந்துவிடுவார். மக்சிக் தட்டைப் பார்ப்பார்.

"இன்னைக்கு யாருக்கோ சரியில்ல. அப்படித்தானே, டாக்டர்?"

"என் வயிறுதான் மக்சிக் சரியில்ல."

"உங்க வயிறா? அது இரும்பு. பொய் சொல்லவாவது படிச்சிருக்கலாம், இத்தனை வருஷம் படிச்சதுக்கு."

சென்ற ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை டாக்டர் பத்து மணிக்குக் கேண்டீனுக்குக் கிளம்பினார். வார்டுக்குக் கொடுக்கும் ரிப்போர்ட் கட்டோடு நானும் பின்னால் போனேன். மக்சிக் அடுப்பண்டை இல்லை. பின்வாசலில், கவிழ்த்த எண்ணெய்ப் பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் மாவுத் தட்டு. மாவை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

"என்ன மக்சிக், ஸ்ட்ரைக்கா?" என்றார் டாக்டர்.

மக்சிக் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு வயித்துல கேன்சராம், டாக்டர். நேத்துதான் சொன்னாங்க. போன வாரம் கொழாய் விட்டுப் பாத்தாங்கல்ல, அதுல எடுத்த சதையில இருக்காம். பதினஞ்சு நாள்ல ஆபரேஷன். வயித்தையே எடுத்துடுவாங்களாம்."

டாக்டர் அவர் மடியிலிருந்த மாவுத் தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"என் பொண்ணு அய்னாவுக்குக் கல்யாணம் இருபத்தி ரெண்டாம் தேதி. ஆயிரம் பேருக்கு நான்தான் சமைக்கிறதா இருந்தேன். சரி, அது போகட்டும். வயித்தை எடுத்துட்டா நான் சுட்டதை நானே எப்படி ருசி பாக்கறது? உப்பு கூடிப்போச்சுன்னா யாரு எனக்குச் சொல்லுவா?"

டாக்டர் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மக்சிக், உங்க முழுப்பேரு என்ன?" என்று கேட்டார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

"கல்சும். கல்சும் பிந்தி டஹ்லான்."

டாக்டர் முகத்தில் அன்றைக்கு நான் பார்த்ததை அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தப் பெயர் எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அந்தப் பெயரில் போன ரிப்போர்ட்டை வார்டில் கொடுத்தவள் நான். கீழே கையெழுத்துப் போட்டிருந்தவர் டாக்டர் காவ்.

காரிபாப் வாங்காமலே லேப்புக்குத் திரும்பினோம். வழியில் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். "அந்த சிலைடைப் பாத்து பாட்டை நிறுத்தினேன் மணி. அது யாருன்னு தெரியாம நிறுத்தினேன்."

அந்தச் சிலைடைத் திரும்ப எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மக்சிக்கின் சதையோடு வந்த சீட்டை எடுத்துப் பார்த்தார். மறுபடி சிலைடு. மறுபடி சீட்டு.

"ஃபைசுல்!"

ஃபைசுல் ஓடி வந்தான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன், எங்கள் லேப்பில் சதை சீவுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

"சீட்டுல என்ன எழுதியிருக்கு? படி."

"துணுக்கு ஆறு, டாக்டர்."

"இப்ப இதுல எண்ணு."

ஃபைசுல் குனிந்து பார்த்தான். உதடு அசைந்தது. இன்னொரு தடவை அசைந்தது. "ஏழு," என்றான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கு ஒரு சின்னப் புட்டியில் வரும். கடுகளவுதான் இருக்கும். வந்தவுடன் எத்தனை துணுக்கு என்று எண்ணிச் சீட்டில் எழுதுவார்கள். பிறகு மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியை முடியைவிட மெல்லிசாகச் சீவுவான் ஃபைசுல். சீவல் சுருங்காமலிருக்க வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டால் மெதுவாக அள்ளுவான். அதற்குச் சாயம் போட்டால் சிலைடு. ஒருவருடைய சீவலை அள்ளியபின், அடுத்தவருடையதை மிதக்கவிடுமுன், தண்ணீரின் மேல்முகத்தைத் தாள் கீற்றால் ஒரு இழுப்பு இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். இல்லையென்றால் முன்னவருடைய சதையில் ஒரு பொட்டு மிதந்துகொண்டிருந்து பின்னவருடைய கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கீற்றுகளை வெட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்குவது என் வேலை.

"ஆறு துணுக்கும் சுத்தம்," என்றார் டாக்டர். "புண் இருக்கு, வீக்கம் இருக்கு, கெட்டது இல்ல. இந்த ஏழாவதுல மட்டும்தான் கேன்சர். துண்டுங்க ஒடையறது சகஜம்தானேன்னு அன்னைக்கு நான் எண்ணல. எண்ணவே இல்ல, ஃபைசுல்." கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது.

"ஒடைஞ்சதாவும் இருக்கலாமே, டாக்டர்?"

"இருக்கலாம். அப்படின்னா அது மக்சிக்கோடதுதான். வயிறு போகும். இல்லைன்னா வேற யாரோடதோ. எது உண்மைன்னு எனக்கு இப்ப தெரியாது. எனக்கு எது வேணும்னு மட்டும் நல்லாத் தெரியுது. அதான் பயமா இருக்கு."

மக்சிக்கின் சதையைச் சீவிய நாளின் வரிசையைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்தார்கள். மக்சிக்குக்கு முன்னால் சீவியது ஒரு சீனப் பெரியவருடைய குடல். ஃபைசுல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "நான் தண்ணியை வழிக்காம இருக்கவே மாட்டேன் டாக்டர். தூக்கத்துல எழுப்பி விட்டாலும் வழிப்பேன்."

அது உண்மை. ஆனால் ஒன்று என் நினைவுக்கு வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"மணி, மேசையில ஓட்டை விழப்போவுது. என்னன்னு சொல்லிடு."

"அன்னைக்கு மணி அடிச்சாங்க டாக்டர். தீ ஒத்திகை."

ஃபைசுல் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

அன்றைக்கு நடந்தது இது. சீனப் பெரியவருடைய சீவலை அள்ளி வைத்துவிட்டு, வழிப்பதற்காகக் கீற்றை எடுத்துக் கையில் வைத்திருந்தான் ஃபைசுல். அந்த நேரத்தில் மணி அலறியது. பாதுகாப்பு அதிகாரி விசிலை ஊதிக்கொண்டு எல்லோரையும் கார் நிறுத்தும் இடத்து மரத்தடிக்கு விரட்டினார். நாற்பது நிமிடம் வெயிலில் தலை எண்ணினார்கள். திரும்பி வந்ததும் ஃபைசுல் நேராக உட்கார்ந்து அடுத்த மெழுகுக் கட்டியை எடுத்தான். வழித்தாகிவிட்டது என்றே அவன் நினைத்திருப்பான். கீற்றைக் கையில் எடுத்தது வரைக்கும்தான் நினைவில் இருந்திருக்கும். சாயங்காலம் தொட்டியைக் கழுவ வந்தபோது, ஒரு கீற்று மட்டும் அடுக்கில் இல்லாமல் தனியாக, தண்ணீர் படாமல் காய்ந்து கிடந்தது. நான் அதை எடுத்துத் திரும்ப அடுக்கில் வைத்தேன். அவ்வளவுதான்.

"நான்தான் டாக்டர்," என்றான் ஃபைசுல். "மன்னிச்சிருங்க."

"நீ வழிக்கல. நான் எண்ணல. தப்பு நடந்தா எழுதற புத்தகத்துல ரெண்டு பேரும் எழுதுவோம், முதல்ல நான். அழறதா இருந்தா அப்புறம் அழு. இப்ப உன் கை எனக்கு வேணும். மக்சிக்கோட மெழுகுக் கட்டியை எடு."

அன்று பத்துச் சிலைடு சீவினான். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை இரண்டு தடவை வழித்தான். டாக்டர் தொட்டி ஓரத்திலேயே நின்றார். சாயம் போட்டதும் மைக்ராஸ்கோப்பில் வைத்து வாய்விட்டு எண்ணினார். ஆறு. அடுத்தது, ஆறு. பத்திலும் ஆறு. எல்லாம் சுத்தம். பிறகு சீனப் பெரியவருடைய சிலைடையும் மக்சிக்கின் பழைய சிலைடையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஒரே சட்டியில வெந்தது மாதிரி இருக்கு," என்றார். ஆனால் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவருக்கு நோய் இருப்பது முன்பே தெரிந்து, ஆபரேஷனும் முடிந்து, அவர் வீட்டுக்கும் போய்விட்டார். அவருக்கு இதனால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப மக்சிக்குக்கு ஒண்ணுமில்ல!" என்றான் ஃபைசுல்.

"எனக்கு அப்படித்தான் தோணுது. எனக்குத் தோணறது போதாது."

டாக்டர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். அவர் வார்டுப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை. அறுவைச் சிகிச்சை டாக்டர் இந்தர்ஜித் சிங் ஆறடிக்குமேல் இருப்பார். சிலைடுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"சியூ பைக்! நீ வெளிச்சத்துக்கெல்லாம் வருவியா?" என்றார் அவர்.

"சும்மா இரு இந்தர். கல்சும் பிந்தி டஹ்லான் ரிப்போர்ட்டை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

அவர் முகம் மாறியது. "ஏன்? அந்தப் புண்ணை என் கண்ணால பாத்தேன். நீ எழுதினதும் எனக்கு ஆச்சரியமா இல்ல."

"புண்ணு இருக்கு. ஆனா நான் எழுதினது அவங்க சதை இல்ல. அப்படித்தான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"அதுக்குத்தான் ஏறி வந்தேன். இன்னொரு தடவை கொழாய் விடு. இந்தத் தடவை நெறைய எடு. அதுவரைக்கும் கத்தியை உறையிலேயே வை."

டாக்டர் இந்தர்ஜித் தாடியைத் தடவினார். "அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"உண்மையைச் சொல்லு. லேப்புல தப்பு நடந்திருக்கலாம்னு சொல்லு. என் பேரைச் சொல்லு."

மறுநாளே மக்சிக்குக்குக் குழாய் விட்டார்கள். டாக்டர் இந்தர்ஜித் விவரத்தைச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஃபைசுல் கேண்டீனுக்குப் போய் மக்சிக்கின் முன்னால் நின்றான். மக்சிக் அவனைப் பார்த்துவிட்டு, "தண்ணியை வழிக்காதவன் நீதானா? வா, என் எண்ணெயை வடிகட்டு," என்று சல்லடையைக் கையில் கொடுத்தார். அவன் வடிகட்டிவிட்டு வந்தான்.

வெள்ளி, சனி, ஞாயிறு. அந்த மூன்று நாளும் டாக்டர் கேண்டீனுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டார், "அந்தப் பேரு எனக்குத் தெரியாத யாரோ ஒரு கல்சுமோடதா இருந்திருந்தா, நான் திரும்ப எண்ணியிருப்பேனா, மணி?" கேட்டுவிட்டு அடுத்த சிலைடை எடுத்து வாய்விட்டு எண்ணினார். அன்றிலிருந்து லேப்பில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எந்தச் சிலைடானாலும், யாருடையதானாலும், முதலில் வாய்விட்டு எண்ண வேண்டும். அவர் அறையிலிருந்து பாட்டுக்கு முன்னால் இப்போது எண்ணிக்கை கேட்கும்.

திங்கட்கிழமை காலை மக்சிக்கின் புதுச் சிலைடுகள் தயார். புட்டியில் வந்தது பதினாலு துணுக்கு. தொட்டித் தண்ணீரை ஃபைசுல் முழுக்க மாற்றினான், வழிக்கவும் செய்தான். நான் தொட்டி கழுவுவதுபோல் நின்றேன். ஃபைசுல் சாய டப்பாவைத் துடைப்பதுபோல் நின்றான். அறைக்குள்ளிருந்து எண்ணிக்கை வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாலில் நின்றது. பிறகு சத்தமே இல்லை. தண்ணீர்க் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

அதன்பின் பாட்டு தொடங்கியது. மெதுவாக அல்ல. கல்யாண வீட்டு வாத்தியம்போல் ஒரே வேகம். ஃபைசுல் டப்பாவோடு என்னைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினான்.

"பதினாலும் சுத்தம்!" டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "புண்ணுதான். முட்டி வலின்னு கடையில வாங்கின மாத்திரையை ரெண்டு வருஷமா முழுங்கியிருக்காங்களாம், இந்தர் சொன்னான். அந்த மாத்திரையை நிறுத்தி, வேற மருந்து குடிச்சா ஆறிடும். அலாமாக், எனக்குப் பசி உயிர் போவுது!"

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். "நேரா இந்தர் கையில. வழியில யார்கிட்டயும் மூச்சு விடாதே. அவன்தான் அவங்ககிட்ட சொல்லணும், அதான் முறை. நானும் சொல்லக்கூடாது."

நான் மாடிக்குப் போய்க் கொடுத்துவிட்டு இறங்கியபோது மணி பத்து ஐந்து. டாக்டர் கேண்டீனில் உட்கார்ந்திருந்தார். வாயை இறுக மூடிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்சிக் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல் இரண்டு காரிபாப்பைத் தட்டில் வைத்துவிட்டு, அடுப்புக்குப் போகாமல் எதிரிலேயே நின்றார். கை ஏப்ரனைத் திருகிக்கொண்டிருந்தது. கண் தட்டைவிட்டு அகலவில்லை.

டாக்டர் முதல் காரிபாப்பைத் தின்றார். இரண்டாவதையும் தின்றார், ஓரத்துச் சடை உட்பட. பிறகு காலித் தட்டை முன்னால் தள்ளினார்.

மக்சிக் இன்னும் இரண்டு வைத்தார். அவையும் போயின. மறுபடி இரண்டு. ஆறாவதைக் கடிக்கும்போது டாக்டருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரிபாப் சூடாக இருந்ததும் ஒரு காரணம்.

"டாக்டர்," என்றார் மக்சிக். "இன்னும் பொரிக்கவா?"

"பொரிங்க மக்சிக்," என்றார் டாக்டர், வாய் நிறைய.

மக்சிக் தலைத்துணி முனையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை. அப்போதுதான் டாக்டர் இந்தர்ஜித் ரிப்போர்ட்டை ஆட்டிக்கொண்டு பெரிய பெரிய எட்டாக வைத்து உள்ளே வந்தார்.

"மக்சிக் கல்சும்! உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்லணும்."

"நீங்க லேட் டாக்டர்," என்றார் மக்சிக், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவங்க ஏற்கனவே தின்னே சொல்லிட்டாங்க."

டாக்டர் காவ் சிரித்தார். கேண்டீனில் அலமாரிக் கதவு கிடையாது. இருந்திருந்தால் கழன்றே விழுந்திருக்கும்.

இருபத்திரண்டாம் தேதி அய்னாவின் கல்யாணத்துக்கு லேப் முழுவதும் போனோம். டாக்டர் பச்சைப் பட்டில் பாஜு குரோங் தைத்துப் போட்டிருந்தார், மருதாணிக்குக் கூடக் கையை நீட்டினார். ஆயிரம் பேருக்கு மக்சிக்தான் சமையல். ஒவ்வொரு அண்டாவிலும் கரண்டியை விட்டு, உள்ளங்கையில் ஊற்றி, நக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கவிட்டார்.

சொந்தக்காரர்களிடம் எல்லாம் டாக்டரை இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். "இவங்கதான் என் டாக்டர்."

"எந்த வார்டு?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாயார்.

"வார்டெல்லாம் இல்ல. இவங்க எண்ணுற டாக்டர்."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கிளம்பும்போது மக்சிக் ஒரு பொட்டலத்தை டாக்டர் கையில் திணித்தார். வாழையிலையில் சுற்றிய காரிபாப், இன்னும் சூடு ஆறவில்லை. கார் பக்கத்தில் நின்றே டாக்டர் அதைப் பிரித்தார். பழக்கதோஷம், வாய்விட்டு எண்ணினார்.

"மக்சிக், ஏழு இருக்கே?"

பந்தலுக்குள்ளிருந்து மக்சிக்கின் குரல் வந்தது. "ஆறுதான் உங்களோடது. ஏழாவது ஃபைசுலோடது. கலந்துடாதீங்க!"